ஆடு நின்ற நிலத்துக்கு நான் சொன்ன இங்கிலீஷ்

போன வாரம் நம் பள்ளிக்கூடக் குழுவில் ஒரு பதிவு வந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஏழாம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாருடைய பின்னலையும் இழுத்தவர், இப்போது பேத்தியைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறவர், எழுதியிருந்தார்: "நம்ம ஊரிலேயே முதன்முதலாக ஆபீசரிடம் இங்கிலீஷ் பேசியது நம்ம ஆள்தான். சர்வேயரே அசந்துபோய் பென்சில் கொடுத்தார்." அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல்கள்.

நான் பதில் போடவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன். அந்த 'நம்ம ஆள்' நான்தான். பதிவில் பிழை இல்லை. இங்கிலீஷ் உண்மை, பென்சிலும் உண்மை. ஆனால் பாதியில் நிற்கும் உண்மை அது. மீதிப் பாதி நேற்று வரைக்கும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். யார் கல்யாணம் என்றைக்கு, எந்த வருஷம் ஏரி நிரம்பி வழிந்தது என்று கேட்டால் டைரியைப் புரட்டித் தேதியோடு சொல்வேன். அந்தப் பருவத்துக்கு மட்டும் என்னிடம் தேதி இல்லை. அப்போதே பக்கத்துக்குப் பக்கம் தேதி போட்டு ஒரு நோட்டு வைத்திருந்தேன். அது போய்விட்டது, எப்படிப் போனது என்பதைச் சொல்லாமல் விடமாட்டேன். கையில் சான்று இல்லாத தேதியை நான் எழுதுவதில்லை. அதனால் ராகி, பரீட்சை, ஆயுதபூஜை லீவு இவற்றை வைத்தே சொல்கிறேன்.

அந்த வருஷம்தான் ஓசூரைச் சுற்றிக் கம்பெனிகளுக்கான நிலமெடுப்புப் பேச்சு ஊருக்கு ஊர் பரவியது. பெங்களூர் ரோட்டுப் பக்கம் ஏற்கெனவே கம்பி வேலி போட்ட இடங்களை நாம் பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்த்திருக்கிறோம். அடுத்தது நம் ஊர் என்றார்கள். அதே வருஷம்தான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அந்த இங்கிலீஷ் வாத்தியார் வந்தார். ஓசூரில் அறை எடுத்துத் தங்கி, சைக்கிளில் வருவார். அவர் பேச்சைக் கேட்டு நாம் சிரிப்போம்; நம் பேச்சைக் கேட்டு அவர் சிரிப்பார்.

"உங்க ஊரு இன்னும் கொஞ்ச நாள்ல பட்டணமாயிரும். அப்ப தெருவுல நிக்கிற சாமானுக்குப் பேரு தெரியாம முழிக்கப் போறியளா?" என்று கேட்டுவிட்டு, கரும்பலகை முழுக்கப் பட்டணத்து வார்த்தைகளாக எழுதினார். ட்ராஃபிக், ட்ரெய்னேஜ், ஸ்ட்ரீட் லைட், பேவ்மெண்ட், சபர்ப், ஹவுசிங் காலனி, வேகண்ட் லேண்ட், டெவலப்மெண்ட். அவர் கொடுத்த வீட்டுப்பாடம்தான் விசேஷம். ஒவ்வொரு வார்த்தைக்கும் நம் ஊரிலேயே ஒரு பொருளைக் கண்டுபிடித்து எதிரில் எழுத வேண்டும்.

அந்த இரண்டு வாரம் நாம் ஆடிய ஆட்டம் நினைவிருக்கிறதா? குழாயடியிலிருந்து ஓடிய சேற்றுத் தண்ணீர் ட்ரெய்னேஜ் ஆனது. சந்தைக்குப் போகிற வண்டிகள் புளியமரத்தடியில் முட்டிக்கொண்டு நிற்பது ட்ராஃபிக். மாரியம்மன் கோவில் முன்னால் எரிந்த ஒற்றை பல்பு ஸ்ட்ரீட் லைட். சபர்ப், அதாவது புறநகர், எது என்று இரண்டு நாள் சண்டை நடந்து, ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த நாலு வீடுதான் என்று முடிவாக, அந்த வீட்டுப் பையன், "எங்க ஊடு ஒண்ணியும் சபர்ப் இல்ல, உங்க ஊடுதான் சபர்ப்" என்று அழுதான். பேவ்மெண்டை யாருமே பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்து வாசற்படியை எழுதிச் சமாளித்தோம்.

எனக்குச் சிக்கியது வேகண்ட் லேண்ட். காலி நிலம். ஊரில் எந்தத் துண்டு நிலத்தைக் காட்டினாலும் அதற்கு ஒரு ஆள் இருந்தார், ஒரு பயிர் இருந்தது. களத்து மேடு எல்லாருக்கும் பொது. ஏரி ஓரம் மாடு மேயும். எழுத ஒன்றும் கிடைக்காமல் அந்த இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தேன். ஒரு வார்த்தை குறைந்தாலும் எனக்குத் தூக்கம் வராது, அப்போதே அப்படித்தான்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அத்தை வீடு. ரத்த உறவு இல்லை. அவர்கள் வீட்டில் தெலுங்கு, எங்கள் வீட்டில் தமிழ். அப்பாவை அவள் அண்ணா என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை. மாமா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கு இருந்தது ஒரே மகள். நான் அக்கா என்று கூப்பிட்டுப் பின்னாலேயே திரிந்தவள். அக்கா பத்தாவது பாஸ் செய்திருந்தாள். அத்தையின் தம்பி தளிப் பக்கம் தோட்டக்காரர், மனைவியை இழந்தவர், அக்காவைத் தனக்குக் கட்டிக்கொடுக்கச் சொல்லி நடையாய் நடந்துகொண்டிருந்தார். தாய்மாமன் கேட்டால் மறுப்பது அந்த வீடுகளில் லேசான காரியம் இல்லை. அக்காவைவிட அவருக்குப் பத்தொன்பது வயது அதிகம். அவள் அவரைப் பார்த்தாலே சமையலறைக்குள் போய்விடுவாள்.

அத்தை ஒரே ஒரு விஷயத்தை நம்பியிருந்தாள். பயிர் செய்கிற நிலத்தைக் கொடுக்கும் வீட்டுக்கு, வரப்போகும் கம்பெனியில் ஒருவருக்கு வேலை என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். பத்தாவது படித்த பெண்களையும் எடுப்பார்களாம்.

"கம்பெனியில ஒரு வேலை கெடச்சிடட்டும் அண்ணா. அப்புறம் எந் தம்பி வந்து வாசல்ல படுத்தாலும் இவளத் தர மாட்டேன்" என்று அப்பாவிடம் சொல்வாள். அக்கா உள்ளேயிருந்து, "வேலைக்கிப் போனா மொதச் சம்பளத்துல உனக்கு ஜாமெட்ரி பாக்ஸ்" என்று என்னிடம் கத்துவாள்.

அத்தையின் நிலம் ஏரிக்குப் போகும் பாதையில் இருந்தது. சுற்றிலும் எல்லார் நிலத்திலும் ராகி நின்றபோது அது மட்டும் புல் மூடிக் கிடந்தது. காரணம் எனக்குத் தெரியும். அந்தக் கோடையில் கர்நாடகப் பக்கத்திலிருந்து வந்த ஆட்டு மந்தையை அத்தை தன் நிலத்தில் பட்டி போட வைத்தாள். பகலெல்லாம் மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் ஆடுகள் அந்த நிலத்தில் வந்து அடையும். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்குள் இறங்கும். ஆட்டுக்காரர்களுக்கு அத்தை களி கிண்டுவாள். அக்காவும் நானும் குண்டானைத் தூக்கிக்கொண்டு போவோம். முதல் மழை பெய்ததும் எழுந்த அந்த நெடி மூக்கைக் குத்தும். அக்கா தாவணியால் மூக்கை மூடிக்கொண்டே, "இதுதான் நம்ம ஊர் சென்ட்டு" என்பாள். ஓர் உழவு ஓட்டி எருவை உள்ளே தள்ளி, அந்தப் போகத்துக்கு மண்ணை ஆறவிட்டு, ஐப்பசி மழைக்குக் கொள்ளு விதைப்பது அத்தையின் திட்டம். இரண்டு வருஷம் ராகி போட்டால் மூன்றாவது வருஷம் இப்படிச் செய்வது மாமா காலத்து வழக்கம். இவ்வளவும் எனக்குத் தெரியும் என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காலாண்டுப் பரீட்சைக்கு முந்திய வாரம், சனிக்கிழமை. மத்தியானத்தோடு பள்ளி விட்டுவிட்டார்கள். நான் ஏரிப் பாதை வழியாக வந்துகொண்டிருந்தேன். அத்தை நிலத்து வரப்பில் சர்வேயர் குடை பிடித்து நின்றார். பக்கத்தில் அளவுச் சங்கிலியும் இரண்டு ஆட்களும். கூட வந்த தலையாரி அவருக்கு மோர் வாங்க ஊருக்குள் போயிருந்தார். அப்பா ஓசூர் சந்தைக்குப் போயிருந்தார். அத்தையும் அக்காவும் தளிக்குப் போயிருந்தார்கள். தை மாதம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொல்லித் தம்பியிடம் கேட்கத்தான் அத்தை போயிருந்தாள். அதற்குள் வேலை விஷயம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை.

"பாப்பா, இங்க வா. இது யாரு நிலம்?"

"எங்க அத்தையுதுங்க சார்."

"சுத்தி எல்லாம் பயிர் நிக்குது. இதுல மட்டும் ஏன் ஒண்ணும் இல்ல?"

வாய் தானாகத் திறந்தது. "இது வேகண்ட் லேண்ட் சார்."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "என்னது, என்னது? இன்னொரு தரம் சொல்லு."

சொன்னேன். கையிலிருந்த ரிஜிஸ்டரை மூடிவிட்டுச் சிரித்தார். "அடேங்கப்பா! இந்த ஊர்லயா? சரி, அது என்ன?" என்று கிணற்றைக் காட்டினார். வெல் சார் என்றேன். பாதை? ஸ்ட்ரீட் சார். தூரத்து மாட்டுக் கொட்டகை? கேட்டில் ஷெட் சார். சங்கிலி பிடித்த ஆட்கள்கூட வாயைப் பிளந்தார்கள். என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு அவர் ரிஜிஸ்டரைத் திறந்து, தமிழில், நிதானமாகத்தான் கேட்டார். "சரி மேடம், இந்த நிலம் எத்தன நாளா இப்பிடிக் கெடக்கு? எப்பவாவது பயிர் வெப்பாங்களா?"

இந்தக் கேள்வியைத்தான் நான் இத்தனை வருஷமாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று தப்பிக்க இதில் இடமே இல்லை. ஆட்டுப்பட்டியைச் சொல்லியிருக்கலாம். கொள்ளு விதைக்கப் போவதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் சொன்ன வார்த்தை அந்த நிலத்துக்குப் பொருந்தாமல் போய்விடும். அவர் சிரிப்பு நின்றுவிடும்.

"எப்பவும் இப்படித்தான் சார்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு பக்கம் சிவப்பும் மறு பக்கம் நீலமுமாக இருந்த பென்சிலை எடுத்து என்னிடம் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் வெறுமையாக இருந்த இடத்தில், நீலப் பக்கத்தால், 'அத்தை நிலம்' என்று எழுதினேன். பாடம் முடிந்தது.

சாயங்காலம் அப்பா சந்தையிலிருந்து வந்து விஷயம் கேள்விப்பட்டார். என்ன பேசினேன் என்று கேட்கவில்லை. இங்கிலீஷில் பேசினேன் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. டீக்கடைக்குப் போய் மூன்று பேரிடம் சொல்லிவிட்டு வந்தார். திங்கட்கிழமை பிரேயரில் வாத்தியார் என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். "கேட்டியளா? படிச்ச வார்த்தைய வேணுங்கிற எடத்துல எடுத்துப் போட்டுருக்கா. இவளப் பாத்துப் படிங்க" என்றார். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். போன வாரக் கைதட்டலைப் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

பரீட்சை முடிந்த வாரம் சாவடியில் நிலப் பட்டியலை வாசித்தார்கள். எங்கள் நிலம், ராகி, சாகுபடி. அடுத்தவர் நிலம், ராகி, அவரை, சாகுபடி. அத்தை பெயர் வந்தபோது, பயிர் இல்லை, நீண்டகாலத் தரிசு என்று வாசித்தார்கள். அத்தை எழுந்து, "யாரப்பா சொன்னது உங்களுக்கு?" என்று கேட்டாள். தலையாரி அவளைத் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கிறார்: "உங்க பக்கத்து ஊட்டுப் பிள்ளைதான் இங்கிலீஷ்ல சொல்லுச்சாம். பயப்படாதம்மா. விசாரணை அன்னிக்கி அந்தப் பிள்ளையக் கூட்டினு போய், தெரியாம சொல்லிட்டேன் சார்னு ஒரு வார்த்தை சொல்ல வெச்சா மாத்திடுவாங்க."

ஒரு வார்த்தை. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

அத்தை நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அக்கா வாசலிலேயே நின்றுகொண்டாள். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கையில் அந்தப் பென்சில் இருந்தது.

"அண்ணா, பிள்ளைய ஒரு நாள் ஓசூருக்குக் கூட்டினு போறேன். ஆயுதபூஜை லீவு முடிஞ்ச மறுநாள் விசாரணை" என்றாள்.

விஷயத்தைக் கேட்டதும் அப்பாவின் முகம் மாறியது. அவர் பயந்தார் என்று இன்றைக்குப் புரிகிறது. எங்கள் நிலம் சரியாக எழுதப்பட்டுவிட்டது. ஆபீசில் போய் நின்றால் அதையும் கிளறுவார்களோ என்ற பயம். அதை வெளியே சொல்லாமல், "படிக்கிற பொட்டப் பிள்ளைய ஆபீஸ் ஆபீசா இழுக்கறதா? சின்னப் பிள்ளை பேச்சக் கேட்டா கவர்மெண்டுல எழுதுவான்? அந்த சர்வேயர் தன் தப்ப மறைக்க இவ பேர இழுக்கறான்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீ அப்பிடி ஏதாச்சும் சொன்னியா?"

அவர் கேட்ட விதத்திலேயே பதில் இருந்தது. ஆனாலும் அத்தை அவரை விலக்கிவிட்டு என் எதிரில் குந்தினாள். கோபம் வந்தால், மனசு கலங்கினால் தெலுங்குக்குப் போய்விடுவாள். "நிஜங்கா செப்பு பாப்பா" என்றாள். உள்ளதைச் சொல் என்கிறாள். "திட்ட மாட்டேன். சத்தியமா திட்ட மாட்டேன். சொன்னியா?"

அவளுக்குப் பின்னால் அக்கா நின்றாள். எனக்கு அப்போது தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன். அக்காவின் கல்யாணம் தோன்றவில்லை. வாத்தியார்தான் தோன்றினார். பொய்யான இடத்தில் வார்த்தையைப் போட்டவள் என்று மறுபடி பிரேயரில் நிறுத்துவாரோ என்று தோன்றியது.

"இல்ல அத்தே. நான் ஒண்ணியும் சொல்லல. பேரு கேட்டாங்க, சொன்னேன்."

அத்தை என் கன்னத்தைத் தொட்டாள். எழுந்து, "போதும் அண்ணா. பிள்ளை பொய் சொல்லாது. நானே போய்ப் பேசிக்கிறேன்" என்றாள்.

விசாரணை நாளன்று காலையில் அத்தையும் அக்காவும் முதல் பஸ்ஸுக்குப் போனார்கள். நான் பள்ளிக்குப் போனேன். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பினார்கள். அக்கா நேரே தன் வீட்டுக்குள் போய்விட்டாள். அத்தை எங்கள் வாசலுக்கு வந்தாள். நடந்து வந்த புழுதியோடு, ஆனால் தலை நிமிர்ந்து.

"கேளு அண்ணா. அந்த சர்வேயர் பெரிய ஆபீசர் முன்னாடியே உங்க பொண்ணு பேரச் சொல்றான். இந்தப் பிள்ளைதான் சொல்லுச்சாம். நான் விடுவனா? 'அந்தப் பிள்ளை எம் மடியில வளந்தது, அது பொய் சொல்லாது. நீதான் நிழல்ல குந்திக்கினு பொய் எழுதினே'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன்."

"பெரியவர் என்னா சொன்னாரு?" என்று அப்பா கேட்டார்.

"அவரு நல்லவருதான். 'அந்தப் பிள்ளையக் கூட்டினு வந்து சொல்ல வெய்யி, பாக்கலாம்'னாரு. 'சொல்லாததை என்னாத்துக்கு வந்து சொல்லணும்? பிள்ளைய இங்க நிக்க வெக்க மாட்டேன்'னேன். அவருக்குக் கோவம் வந்துடுச்சு. ஆபீசரையே பொய்யன்னு சொல்றியான்னு பேப்பரை மூடிட்டாரு." அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள். "போனா போவுது. உம் பேரக் கெடுக்க நான் விடல பாப்பா."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை வெந்நீர் அடுப்பில் அந்த நோட்டை வைத்தேன். தேதி போட்ட பக்கங்கள் அட்டையைவிடச் சீக்கிரம் எரிந்தன. பிற்காலத்தில் தேதிகளைச் சரிபார்க்க ஆவணங்களைத் தேடி அலைந்தபோதெல்லாம், ஏதாவது ஒரு ஆபீசில் ஒரு காகிதத்தைக் காணோம் என்று யாரையாவது கடிந்துகொண்டபோதெல்லாம், நான் எரித்தது எனக்குத் தெரியும்.

அத்தை நிலம் தரிசாகவே நின்றது, வேலையும் இல்லை என்று ஆனது. தை மாதம் தாய்மாமனோடு அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் வீட்டுக்குக் கிடைத்த வேலையில் அப்பா கம்பெனி கேட்டில் உட்கார்ந்தார். அந்தச் சம்பளத்தில் நான் கிருஷ்ணகிரியில் படித்தேன். அத்தை தன் வீட்டைத் தட்டுமுட்டுச் சாமானோடு காலி செய்துவிட்டு மகளோடு தளிக்கே போய்விட்டாள். அந்த நிலம் இருந்த இடத்தில் இன்று லாரிகள் வரிசையாக நிற்கின்றன. நம் குழுவிலேயே இரண்டு பேரின் பிள்ளைகள் அந்த மதிலுக்குள் வேலை பார்க்கிறார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த வேலை அன்றைக்கு அக்காவுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

அத்தை அதற்குப் பிறகும் நீண்ட காலம் இருந்தாள். நான் மூன்று தரம் தளிக்குப் போயிருக்கிறேன். தேதிகள் டைரியில் இருக்கின்றன. மூன்று தரமும் சொல்வதற்காகத்தான் போனேன். மூன்று தரமும் அவள் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு, "இதுதான் அந்தப் பிள்ளை. ஊரே பழி போட்டுச்சு, நான் நம்பல" என்று என்னைக் காட்டினாள். நான் காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். நான்காவது தரம் போனது அவள் சாவுக்கு.

உங்களுக்கு இதை அனுப்பும் முன் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நேற்றுக் காலை பஸ் ஏறினேன். தளியில் குளிர் இன்னும் விடவில்லை. அக்கா கொட்டகையில் உட்கார்ந்து பீன்ஸ் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். மாமன் போய்ப் பல வருஷம் ஆகிறது. குழந்தை இல்லை. தோட்டத்தை அவளே பார்த்துக்கொள்கிறாள். நான் எதிரில் உட்கார்ந்து, சர்வேயர் கேட்ட கேள்வியையும் என் பதிலையும், ஒரு சொல் விடாமல் சொன்னேன். அத்தையிடம் இல்லை என்று சொன்னதையும் சொன்னேன்.

அவள் கை நிற்கவில்லை. முற்றின காயை ஒரு பக்கம், பிஞ்சை ஒரு பக்கம் போட்டுக்கொண்டே இருந்தாள். கூடை பாதி நிரம்பிய பிறகுதான் பேசினாள்.

"இத எங்கிட்ட என்னாத்துக்குச் சொல்ற?"

"உன் வாழ்க்கைதானே அக்கா போச்சு."

"என்னுது போச்சு, நான் வாழ்ந்து முடிச்சுட்டேன். அத உட்டுடு. நீ சொல்லியிருக்க வேண்டியது அம்மாகிட்ட. அவ கடைசி மாசம் படுக்கையில கெடந்தப்பகூட, நம்ம வாயாலதானடி எல்லாம் கெட்டுச்சு, அன்னிக்கி ஆபீசர்கிட்ட கொஞ்சம் பொறுமையாப் பேசியிருக்கணும்னு அழுதா. நான்தான் என் பொண்ணக் கெடுத்துட்டேன்னு அழுதா." காயைக் கீழே வைத்தாள். "ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தா அந்த அழுகை அவளுக்கு வந்திருக்காது."

அவள் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை. கூடையை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "பஸ் வர நேரம். கெளம்பு" என்றாள்.

நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்து வந்தாள். பஸ் வருவதற்கு நேரம் ஆனது. இருவரும் நின்றோம். பஸ் வந்ததும் நான் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். அவள் அதற்குள் திரும்பி நடந்துகொண்டிருந்தாள்.